வலது காது

என் சைக்கடெலிக் ராக் இசைத்தட்டைச் சுழலவிட்டால் கிட்டார் ஒலியில் சுவரெல்லாம் உருகி வழியும். மேசை விசிறி பின்பக்கமாகச் சுற்றும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், அது என் சுபாவம். ஆனால் இனி வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டல் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய தட்டு அது. "ஒரு தடவை பக்கத்துல உக்காந்து கேளேன்" என்று மனைவியைக் கெஞ்சாத வாரம் கிடையாது. "அந்த இரைச்சலா? மண்டை வெடிச்சிடும்" என்பாள். அவள் கூப்பிட்டால் காதில் விழவேண்டுமே என்று ஹெட்போனை இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்வது என் வழக்கம்.

நேற்று மத்தியானம் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றவனுக்கு என்ன பயம், அவளும் இப்போதைக்குக் கூப்பிடமாட்டாள் என்று முதல்முறையாக இரண்டு காதிலும் மாட்டினேன்.

வலப்பக்கம், நீண்ட கிட்டாருக்கு நடுவே, என் மனைவி சிரித்தாள். கூடவே, தட்டை எனக்கு விற்ற என் உயிர் நண்பன், ரேடியோ கடைக்காரனும் சிரித்தான். "இந்த இடம்தான் எனக்கு உசிரு" என்றாள் அவள்.

என்னோடு ஒரு தடவைகூட உட்காராதவள்!

சமையலறைக்கு ஓடினேன். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள், கையெல்லாம் சோப்பு நுரையோடு.

திரும்பி வந்து முள்ளை அதே இடத்தில் வைத்தேன். இப்போது சிரிப்பு இல்லை, கிட்டார் மட்டும்தான். பிறகு வலது காதில் அவள் குரல், மிக மெதுவாக:

"ஷ்ஷ்... அவர் கேக்கறாரு."