ஆறுதல் பரிசு

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா கேசரிக் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, விளிம்பில் வெட்டியிருந்த எழுத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டாருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்தவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணம் அவளுடையது; சர்ச்சில் பைபிள் போட்டிக்குக் கிடைத்தது. கேசரியை இந்த வீட்டுக்குக் கொடுத்தபோது வேறு பாத்திரத்தில் மாற்றிக் கொடுக்கத் தோன்றவில்லை.

“பெண்கள் ஐக்கிய சங்கம்,” என்று உரக்கப் படித்தார் அந்த அம்மா. “வேத வினாப் போட்டி. ஆறுதல் பரிசு.”

எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் கதவுப் பக்கம் பார்த்தான். அங்கே பெண் வடிவு நின்றிருந்தாள்.

“ஏனம் யாருக்குள்ளது?” என்று கிண்ணத்தைத் தட்டிக் கேட்டார் அந்த அம்மா.

“பக்கத்து வீட்டு அக்காவுக்குள்ளது,” என்றாள் பெண்ணின் அம்மா பேச்சியம்மாள், அவளைக் கைகாட்டி. “ஏனம் மட்டுந்தான் இரவல். கேசரி எங்க வடிவு கிண்டினது. பஜ்ஜிதான் கடையில வாங்கினது. இன்னைக்குன்னு பாத்துக் கருக்கிட்டான்.”

ஒரே மூச்சில் இரண்டு பொய். பேச்சியம்மாளுக்குக் குரல்கூட இடறவில்லை.

ஃப்ரிட்ஜ் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் தரையைப் பார்த்தாள்.

காலையிலேயே பேசி முடித்ததுதான். வடிவு போட்ட பஜ்ஜி அத்தனையும் கரியாகி, கடலை மாவும் தீர்ந்துபோய், பேச்சியம்மாள் அழாத குறையாக வந்து நின்றபோது அவள் சொல்லியிருந்தாள். கேசரி கிண்டித் தருகிறேன், கூட வந்து உட்காருகிறேன், வாயைத் திறக்க மாட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பது பொய் ஆகாது என்று ஆண்டவரிடமும் ஒரு மாதிரி பேசி வைத்திருந்தாள்.

யாராவது நேராகக் கேட்டால் என்ன செய்வது என்பதை இருவரிடமும் பேசவில்லை.

“கேசரி அமிர்தமா இருக்கு,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இந்தப் பக்குவம் வராதே.”

பாராட்டு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. அதற்காகவும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அந்த அம்மா ஸ்டூலின் பக்கம் திரும்பினார்.

“நீங்க வேதக்காரங்கதான? வேதக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லுங்க. இது யார் கிண்டினது?”

வேதக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்க. சபையில் பாதிப் பேர் இதைக் கேட்டிருந்தால் இருமியிருப்பார்கள்.

ஆனால் கேட்டது அவளைப் பார்த்து.

வடிவைப் பார்த்தாள். வந்த வரன்களுக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்ற பெண், இவனைப் பார்த்துச் சிரித்திருந்தாள். கதவு மறைத்துவிட்டது என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு. அதைக் கெடுக்க அவளுக்கு மனமே இல்லை.

அண்டை வீட்டாருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூடாது என்பதுதானே கட்டளை? இது அண்டை வீட்டாருக்கு ஆதரவாக அல்லவா?

நல்ல கேள்வி. இப்படிப்பட்ட கேள்விகளால்தான் போட்டியில் ஆறுதல் பரிசோடு நின்றாள்.

ஆண்டவரே, கரண்ட் போகட்டும்.

தினமும் இந்நேரத்துக்குப் போகிற கரண்ட், அன்றைக்கு அசையவில்லை. ஃபேன் சுகமாகச் சுற்றியது.

“கேசரி நான் கிண்டினது,” என்றாள்.

பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மை சொல்லி மீதியை விழுங்க அவளுக்கு வராது. ஒன்று மொத்தமாக மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமாகத் திறந்துவிடும். அவள் வாயின் அமைப்பு அப்படி.

“பஜ்ஜி கடையில வாங்கினது இல்ல. அதுதான் வடிவு போட்டது.”

எல்லோரும் பஜ்ஜித் தட்டைப் பார்த்தார்கள். யாரும் தொடாத தட்டு. வாழைக்காய் எது, மாவு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே கறுப்பாகக் கிடந்தது.

கதவருகில் வடிவின் கண்கள் நிறைந்துவிட்டன.

அவள் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் தட்டு மாற்றத் தேதி பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளை முதல் பேச்சியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

மாப்பிள்ளையின் அம்மா கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கிளம்பப் போகிறவர்கள் வைக்கிற மாதிரி வைத்தார்.

அப்போது மாப்பிள்ளை கையை நீட்டி ஒரு பஜ்ஜியை எடுத்தான்.

கடித்தான். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

மென்றான். மென்றுகொண்டே இருந்தான். தண்ணீர் குடித்தான். பிறகு விழுங்கினான்.

“எப்படிடா இருக்கு?” என்றார் அவன் அம்மா.

“நல்லா...” என்று ஆரம்பித்தவன் பார்வை ஸ்டூலில் இருந்த அவள்மேல் விழுந்தது. அப்படியே நிறுத்திக்கொண்டான்.

“கசக்குதும்மா,” என்றான்.

பிறகு கதவருகில் நின்ற வடிவு பக்கம் தன் தட்டை நீட்டினான்.

“இன்னொண்ணு வைங்க.”