எஞ்சினுக்கு ஒரு பங்கு

"மாசா மாசம் காசோ? கட்டின மனுசிக்கே நான் மாசக் கணக்கிலை குடுக்கிறேல்லை, பிள்ளை!"

யாகப்பு போட்ட சத்தத்தில், வேலணைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

மாடியில் ஒரு மேசை, இரண்டு லப்ரொப், மூன்று பிளாஸ்ரிக் கதிரை. வெப்சைற் செய்து கொடுக்கும் நிறுவனம் என்றால் அவ்வளவுதான். முதலாளிகள் நிலாந்தினியும், அவளோடு ஒரே வகுப்பில் படித்த டிலோனும்.

சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் டிலோன் மூன்று வழிகளை எழுதியிருந்தான். மொத்தமாக ஒரு விலை. மாதச் சந்தா. விற்பனையில் பங்கு. எந்த வழியில் தொழிலை நடத்துவது என்று இருவரும் சண்டை பிடித்துப் பிடித்து, தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"அப்ப மொத்தமா ஒரு விலை தாங்கோ அண்ணை," என்றாள் நிலாந்தினி.

"நண்டைக் கண்ணிலை காட்டாமல் காசு கேட்டால் நீர் தருவீரோ?"

யாகப்பு அல்லைப்பிட்டியில் மீனும் நண்டும் விற்கிறவர். ஒரு கட்டுக் கீரையைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. நிலாந்தினிக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களை மாதிரி ஆக்களாலைதான் அண்ணை நான் கொழும்புக்குப் போகப் போறன்! அங்கை வேலை தாறம் எண்டு நிக்கிறாங்கள். மாசக் கடைசிக்குள்ளை பதில் சொல்லோணும். இதைப் பூட்டிப்போட்டுப் போறன்!"

யாகப்பு மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

"பங்கு தாறன்," என்றார்.

"என்ன பங்கு?"

"வள்ளத்துக்கு எஞ்சின் தந்தவனுக்கு ஒரு பங்கு இருக்கு. மீன் பட்டால் அவனுக்கும் பங்கு. படாட்டி அவனும் வெறுங்கை. உம்மடை சைற்தான் எஞ்சின். அதுக்குள்ளாலை வாற ஒவ்வொரு ஓடருக்கும் பங்கு தாறன்."

"சரி. இருபதிலை ஒண்டு தாங்கோ."

"இருபதிலை ஒண்டோ?" யாகப்பு மேசையில் அடித்தார். "என்னைப் பார்க்கப் பிச்சைக்காரன் மாதிரிக் கிடக்கோ? பத்திலை ஒண்டு!"

"ஏலாது! இருபதிலை ஒண்டுதான்!"

"பத்திலை ஒண்டு எண்டால் பத்திலை ஒண்டு! இந்த யாகப்புவோடை பேரம் பேசி ஆரும் வெண்டதில்லை!"

கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கிப் போனார்.

அவர் பஸ் ஏறிய பிறகுதான் நிலாந்தினிக்கு உறைத்தது.

"டேய் டிலோன், நான் என்னத்துக்கடா குறைக்கச் சொல்லிச் சண்டை பிடிச்சனான்?"

சைற் திறந்த அன்றே ஓடர் வந்தது. ஒவ்வொரு ஓடருக்கும் நிலாந்தினியின் போன் டிங் என்று அடிக்கும்படி டிலோன் செய்து வைத்திருந்தான். டிங். பிறகு டிங், டிங். அடுத்த கிழமை போனுக்கு விக்கல் பிடித்தது போலாகிவிட்டது.

நிலாந்தினி கதிரையில் ஏறி நின்று ஆடினாள். பலகையில் மற்ற இரண்டு வழிகளையும் அழித்தாள்.

"இனி எல்லாருக்கும் பங்குதான்! புங்குடுதீவுக் கருவாட்டுக் கடைக்கும் பங்கு, நயினாதீவு லொட்ஜுக்கும் பங்கு! கொழும்புக்கு வரமாட்டன் எண்டு எழுதப் போறன்."

"பொறு," என்றான் டிலோன். "தானாக் கூட்டித் தாற வியாபாரியை எங்கையாவது கண்டிருக்கிறியோ? இதுக்குள்ளை ஏதோ சுத்துமாத்து இருக்கு. சைற்றைப் பார்த்திட்டுப் போன் எடுக்கிற சனத்தை எங்களுக்குக் காட்டாமல் அமத்துறார் போல. எழுத முதல் ஒருக்கால் போய்ப் பாப்பம்."

நிலாந்தினிக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் அல்லைப்பிட்டிக்குப் பறந்தார்கள். யாகப்புவின் கடைக்குப் பக்கத்தில் நின்ற ஐஸ் லொறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

கடை வாசலில் பெரிய வரிசை. முன்னால் பையோடு நின்றவர் மண்கும்பான் இலட்சுமிப்பிள்ளை.

"நண்டு ஒரு கிலோ போடு தம்பி."

"வெப்சைற்றிலை ஓடர் போட்டியளோ அக்கா?"

"உனக்கு முன்னாலை நிக்கிறன், கண் தெரியேல்லையோ?"

"நிண்டால் காணாது. போனை எடுங்கோ."

வரிசை முழுக்கப் போனைத் தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நின்ற பத்திநாதர் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி, "சிக்னல் இல்லை யாகப்பு!" என்று கத்தினார்.

"அந்தப் பூவரசுக்குக் கீழை போய் நில்லுங்கோ, பிடிக்கும்!"

"நான் கண்ணாடி கொண்டு வரேல்லை," என்றார் இலட்சுமிப்பிள்ளை.

"இஞ்சை தாங்கோ, நானே போடுறன்." யாகப்பு விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"உனக்கென்ன விசரோடா? இவ்வளவு காலமும் கையிலை தந்த நண்டுதானே!"

"மெல்லக் கதையுங்கோ அக்கா. அந்த வெப்சைற்காரப் பிள்ளை, பூட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போறன் எண்டு நிக்குது. இஞ்சை மிஞ்சியிருக்கிற கெட்டிக்காரியையும் விடுறதோ? சும்மா குடுத்தால் அது வாங்காது. சண்டை பிடிச்சுத்தான் குடுக்கோணும்."

சொல்லிக்கொண்டே ஓடரை அழுத்தினார்.

லொறிக்குப் பின்னால் டிங் என்றது.

வரிசையே திரும்பிப் பார்த்தது. டிலோன் தலையைக் குனிந்தான். நிலாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாகப்புவின் முகம் சிவந்தது.

"என்ன, பங்கு கூட்டிக் கேக்க வந்தனீரோ?"

"குறைக்க வந்தனான்! இருபதிலை ஒண்டு. இல்லாட்டி இண்டைக்கே கொழும்புக்கு பஸ் ஏறுவன்!"

யாகப்பு கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தினார்.

"பதினைஞ்சிலை ஒண்டு! அதுக்குக் கீழை ஒரு சதம் குறைக்க மாட்டன்!"