நாகமுத்துவின் டிராக்டர்

டுப்பென்று வெடித்து, கரும்புகையைக் கக்கிவிட்டு, டிராக்டர் மூன்றாம் தடவையாக அடங்கியது. புவனேஸ்வரனுக்கு உள்ளுக்குள் ஏகச் சந்தோஷம்.

"விட்டுடு தேவி. இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான்லா. லாயர் மேடம் எவ்ளோ நேரம் காத்திருப்பாங்க?"

தங்கா பத்துவில் அப்பா நாகமுத்துவுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். வீடு கட்டும் கம்பெனி ஒன்று அதற்கு அலைகிறது. பக்கவாதம் வந்து எட்டு மாதமாக அவர் வாயே திறக்கவில்லை. 'இவருக்கு எதுவும் விளங்காது' என்று லாயர் அனுசியா நேரில் பார்த்து எழுதிவிட்டால், கோர்ட்டில் கேட்டு விற்கும் உரிமையைப் புவனேஸ்வரன் வாங்கிவிடலாம்.

தங்கை தேவிஸ்ரீதான் மசியவில்லை. "அப்பாவுக்கு எல்லாம் விளங்குது" என்று ஒரே பிடியாக நின்றாள். குருபோங்கில் பன்னிரண்டு வருடமாக வொர்க்‌ஷாப் நடத்துகிறவள். இன்றைக்கென்று பார்த்து அப்பாவின் பழைய பெட்ரோல் டிராக்டரைப் பிரித்துப் போட்டு, அவரையும் சக்கர நாற்காலியோடு பக்கத்தில் உருட்டி வந்து வைத்திருந்தாள்.

டேங்குக்கு அடியில் குழாயைத் திறந்தாள்; பெட்ரோல் சுத்தமாக ஓடியது. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினாள். நீலமாகப் பொறி பறந்தது.

"பெட்ரோல் வருதுப்பா. பொறியும் அடிக்குது. அப்புறம் ஏன் ஓட மாட்டேங்குது?" என்றாள் அப்பாவிடம்.

"செவுத்துக்கிட்ட கேளு, பதில் வரும்" என்றான் புவனேஸ்வரன்.

பிளக்கை மாட்டி மறுபடி அழுத்தினாள். டுப்! நாகமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணியது. எட்டு மாதத்துக்குப் பிறகு குரல் வந்தது.

"ஒண்ணு... மூணு... நாலு... ரெண்டு."

புவனேஸ்வரன் சிரித்தேவிட்டான். "பாத்தீங்களா மேடம்? நாலு வரைக்கும் ஒழுங்கா எண்ணக்கூடத் தெரியல. எழுதிக்குங்க."

அனுசியா பேனாவை எடுத்தார். தேவிஸ்ரீ புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளக்குகளுக்குப் போகும் நாலு வயர்களையும் பிடுங்கினாள். அப்பா சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாக மாட்டினாள். ஸ்டார்ட்டரைத் தொட்டதுதான் தாமதம், இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டு நிற்காமல் ஓடியது.

அனுசியா நாற்காலிக்கு அருகில் குனிந்தார். "ஐயா, அந்த வரிசையிலதான் பொறி போகணுமா?"

நாகமுத்து அழுத்தமாகத் தலையசைத்தார். பிறகு மகனை நேராகப் பார்த்தார். "தோட்டத்த... விக்க... மாட்டேன்."

லாயர் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோப்பை மூடினார். புவனேஸ்வரன் ஆத்திரம் தாங்காமல் தங்கைமேல் பாய்ந்தான்.

"வயர் மாறிக் கெடக்குறதுகூடத் தெரியல, நீயெல்லாம் என்னா மெக்கானிக்?"

"மாத்தி மாட்டுனதே நான்தாண்ணே."