கவுன்சிலர் வீட்டுக்கு மட்டும்

"சேதி தெரியுமா? நம்ம கவுன்சிலரம்மா வீட்டுக்குக் கரண்ட் வருதாம். அவங்க வீட்டுக்கு மட்டும்!"

சலூன்காரர் கத்தரியை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த மேட்டுக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்குதான். வாசலில் நின்ற தையல்காரிக்குச் சுருக்கென்றது.

"அவங்களுக்காக வீடு வீடா ஏறி ஓட்டுக் கேட்டவ நான்! விளக்கு வெளிச்சத்துல தைச்சு, போன வாரம் ஒரு சட்டைக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்துல கையை வச்சுட்டேன். எனக்கு இல்லாத கரண்ட் அவங்களுக்கு மட்டும் எதுக்காம்?"

"ஜெயிச்ச கையோட ரோட்டோர வீட்டைக் காலி பண்ணிட்டு, மேட்டு உச்சிக்குக் குடிபோனாங்களே, அப்பவே நினைச்சேன். மனு கொடுக்க வர்றவன் பாதி வழியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிடணும்!" என்றார் சலூன்காரர்.

"வாங்க, நேர்லயே கேட்டுடுவோம்."

இருவரும் கிளம்பினார்கள். பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரும் பின்னால் ஓடினார்.

உச்சியில் ஒற்றை அறை வீடு. கவுன்சிலர் ஏணியில் நின்று தகரக் கூரை ஓட்டைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! முதல்ல யாராவது ஏணியைப் பிடிங்க, ஆடுது!"

சலூன்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"சண்டைக்கு வந்துட்டு ஏணியா பிடிக்கிறீங்க?" என்று அவரை முறைத்த தையல்காரி, மேலே பார்த்தாள். "அக்கா, உங்க வீட்டுக்கு மட்டும் கரண்ட்டாமே? நாங்க என்ன, இருட்டுல கண்ணு தெரியிற ஆந்தையா?"

"ஆமா. என் வீட்டுக்கு மட்டும்தான் உத்தரவு."

"கூச்சமே இல்லாம சொல்றீங்களே!"

"குடியிருப்பு முழுக்கத்தான் கேட்டேன். நிதி இல்லைன்னு மின்வாரிய அதிகாரி கையை விரிச்சுட்டார். கவுன்சிலர் வீட்டுக்கு மட்டும் உடனே தரலாம், அப்படித்தான் விதின்னார். சரின்னுட்டேன்."

"நீங்களும் சரின்னுட்டீங்க!" என்றாள் தையல்காரி. "அப்போ பழைய வீட்டுலேயே வாங்கியிருக்கலாமே? சுவரும் கூரையுமா நல்ல வீடு. இந்த ஓட்டைத் தகரத்துக்கு ஏன் வந்தீங்க?"

கவுன்சிலர் தார்க் கையோடு இறங்கினார். குரலைத் தாழ்த்தினார்.

"கம்பம் நட்டு முடியிற வரைக்கும் வெளியில மூச்சு விடக் கூடாது. முக்கியமா சலூன்ல!"

சலூன்காரர் ஏணியைப் பார்த்துக்கொண்டார்.

"கம்பம் போற வழியில எந்த வீடு கேட்டாலும் கரண்ட் கொடுத்தே ஆகணும். அதுவும் விதிதான், தங்கச்சி. ரோட்டோர வீடுன்னா ஒரே கம்பத்தோட வேலை முடிஞ்சிருக்கும். அதான், உங்க எல்லார் வாசலையும் தாண்டி வந்தே ஆகவேண்டிய கடைசி வீடாப் பார்த்துக் குடிவந்தேன்!"