கூரைத் தண்டவாளம்

இடுக்கியின் ஒரு பிடி அவன் கையில் இருந்தது. மறு பிடி கமலநாதனின் கையில்.

நடுவில் தண்டவாளம் தொங்கியது.

அவர்களுக்கு முன்னால் இன்னும் மூன்று இடுக்கிகள். மொத்தம் எட்டுப் பேர். எல்லாரும் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர்கள். வாரம் முழுக்க உருளைக்கிழங்கு ஆலையில் இரவு வேலை. ஞாயிறு பகலில் இது.

ஒருவன் பிடியை விட்டால் இடுக்கி வாயைத் திறந்துவிடும். அதனால் ஒரே சொல்லில் தூக்க வேண்டும். ஒரே சொல்லில் விட வேண்டும். சொல்லுகிறவர் கமலநாதன். வயதில் மூத்தவர். தண்டவாளம் தூக்கிப் பழகியவர்.

எங்கே பழகினார் என்பது இன்றைக்குத் தேநீர் குடிக்கும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் கிரஹாம். எழுபது தாண்டிய வெள்ளைக்காரர். இந்த வயல்வெளியில் ஒரு காலத்தில் ரயில் ஓடியதாம். கிழங்கும் செலரிக் கீரையும் லண்டனுக்குப் போயினவாம். இலாபமில்லை என்று மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். கிரஹாமின் தகப்பன் இங்கே சிக்னல்காரர். இப்போது ஊர்க் கிழவர்கள் சேர்ந்து பாதையைத் திரும்பப் போடுகிறார்கள். ஆசை இருந்தது, முதுகில் பலம் இல்லை. அதற்குத்தான் இவர்கள்.

பிடுங்கினவர்களைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்றார் கிரஹாம், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டு.

கமலநாதன் அதைத் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

“வெள்ளையின்ர கோவத்தைப் பாருங்கோடா. அப்ப எங்களை என்ன செய்வான்? நாங்கள் வடக்கு ரயில் பாதையையே பிடுங்கினாங்கள்.”

பங்கர் என்று அவர்கள் சொல்லும் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடப் பிடுங்கியது. பிறகு, சண்டை கடற்கரைவரை தள்ளிக்கொண்டு வந்த கடைசி மாதங்களில், சனங்களின் குழிகளிலிருந்தே அதைக் கழற்றியிருக்கிறார்கள். இயக்கத்தின் மேலிடத்துக்குப் பெரிய குழி வேண்டியிருந்ததாம். மண்ணை அள்ளித் தூற்றியவர்களையும் காலில் விழுந்தவர்களையும் பற்றி வரிசையாகச் சொன்னார். ஒருத்தி மட்டும் வேறு மாதிரி என்றார்.

“கத்தவே இல்லையடா அவள். பிள்ளை இப்பதான் நித்திரை, சத்தம் போடாமல் கழட்டுங்கோ எண்டாள். பூனை மாதிரிக் கழட்டினம்.”

மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்படிதான் சொன்னார்.

அவன் தேநீரைப் புல்லில் ஊற்றினான்.

அன்றைக்கு அவன் கஞ்சி வரிசையில் நின்றான். திரும்பி வந்தபோது குழிக்கு மேலே வானம் இருந்தது. கழற்ற வந்தவர்களிடம் தான் என்ன கேட்டாள் என்பதை அவன் மனைவி கலா அப்படியே சொன்னாள். நல்ல பெடியள், பிள்ளை எழும்பவே இல்லை என்றும் சொன்னாள். கூரைக்குப் பனங்குற்றி தேடிக்கொண்டு அவன் மறுபடி வெளியே போனான்.

அப்போது செல் வந்து விழுந்து வெடித்தது.

கலாவைப் பாயில் சுற்ற முடிந்தது.

பிள்ளைக்குப் பாய் தேவைப்படவில்லை. கஞ்சி வாங்கிய சட்டி போதுமாக இருந்தது.

தண்டவாளம் ஆடியது.

“சரியாப் பிடி தம்பி,” என்றார் கமலநாதன்.

குனிந்து நடந்துகொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அதன்மேல் நரைத்த மயிர், வியர்வை. வரப்பில் ஒரு மண்வெட்டி கிடந்தது. அதை அவன் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான். ஆனால் கையில் இருந்தது இது.

“அது என்ர பங்கர், அண்ணை.”

கமலநாதன் திரும்பினார். எந்தப் பங்கர் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

விளங்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.

விளங்கியது.

விடு என்று யாரும் சொல்லவில்லை.

அவன் விட்டான்.

சப்பாத்தின் நுனியில் உள்ள இரும்பு, கால் விரல்களை மட்டும்தான் காக்கும். தண்டவாளம் அதற்கு மேலே விழுந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் கமலநாதனின் கால் மடிந்தது. எலும்பு காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளை. பிறகு வெள்ளை இல்லை.

முன்னால் நின்றவர்கள் தண்டவாளத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து விலகினார்கள். ஒருவன் வயலுக்குள் போய் வாந்தி எடுத்தான். இரண்டு பேர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக் காலை வெளியே எடுத்தார்கள். கமலநாதன் கத்திய கத்தலில் பக்கத்து வயலில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பின.

கிரஹாம் ஓடி வந்தார். யார் விட்டது, யார் விட்டது என்று கேட்டார்.

ஆறு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

கமலநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். தன் கைதான் வழுக்கியது. இவனில் பிழை இல்லை.

அந்தப் பொய்க்காக அவன் உதைத்தான். முறிந்த இடம் பார்த்து உதைத்தான். இன்னொரு முறையும் உதைத்தான். மூன்று பேர் சேர்ந்து அவனைப் பின்னால் இழுத்துப் பிடித்தார்கள். அவன் சப்பாத்தில் கமலநாதனின் இரத்தம் இருந்தது. பிடித்தவர்களில் ஒருவனின் உதடும் கிழிந்திருந்தது.

கிரஹாம் தள்ளிப் போய் ஆம்புலன்ஸுக்குப் பேசினார்.

கமலநாதன் சேற்றில் மல்லாந்து கிடந்தார். இப்போது கத்தவில்லை. மூச்சு மட்டும் வந்து வந்து போனது. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளையைத் துணியால மூடியிருந்தது. நான் முகம் பாக்கேல்லை,” என்றார். “பெடியனோ, பெட்டையோ?”

இந்த வயல் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமெடுக்கும் என்று கிரஹாம் வந்து சொன்னார்.

பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தளர்த்தினார்கள்.

அவன் போய் அவருடைய தலைமாட்டில், சேற்றில் உட்கார்ந்தான்.

பிள்ளையின் பெயரிலிருந்து சொல்லத் தொடங்கினான்.