ஏகமனதான முடிவு

எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே மனைவிக்கு ரத்த அழுத்தம் எகிறிவிட்டது.

"ரெண்டு உயிருக்கும் ஆபத்து. ஆபரேஷனா, வலி வர மருந்து கொடுக்கலாமா, இல்ல ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

கணவன் குடும்பத்தையே கேன்டீனுக்குத் திரட்டிக்கொண்டு போனான்.

"எனக்கு நாலும் சுகப்பிரசவம்" என்றாள் அம்மா. மாமனார் ஆபரேஷன் என்றார். செல்போனைப் பார்த்தே பாதி டாக்டராகிவிட்ட அண்ணன் இருவரையும் மடக்கினார். மூன்று ரவுண்டு காபிக்குப் பிறகு, பொறுத்துப் பார்ப்பதென்று ஏகமனதாக முடிவானது.

அதைக் கணவன் நர்ஸிடம் கம்பீரமாக அறிவித்தான்.

"உங்க மனைவியே கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் முடிஞ்சாச்சு சார். பொண்ணு இன்குபேட்டர்ல இருக்கா. ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க."

"என்னை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே?"

"கேன்டீனுக்கே வந்து கூப்பிட்டேனே! 'முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம், அப்புறம் வாம்மா'ன்னு நீங்கதானே சார் அனுப்பினீங்க?"