கன்று கத்த வேண்டிய இடம்

மகாடி ஏரி நடுப்பகல் வெயிலில் கண்கூசும் வெள்ளையாகக் கிடக்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கெட்டியான சோடா உப்புப் பாளத்தின் மேல் நின்று, நசியேக்குவின் கறுப்புப் பசு உப்பை நக்கிக்கொண்டிருக்கிறது. அவள் வீட்டில் பால் தருவது அந்த ஒரு மாடுதான். அதற்கும் கரைக்கும் நடுவே, கண்ணாடி ஆலைகளுக்காகக் கம்பெனி இயந்திரம் உப்பை வெட்டியெடுத்த பள்ளம். அதன் மேல் இப்போதுதான் புது உப்பு, பாலின் மேல் ஆடை போலப் படர்கிறது. அடியில் தோலைப் பொசுக்கும் காரநீர் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது.

"வீட்ல உப்பே போட மாட்டியா அண்ணி? இவ்ளோ தூரம் விருந்துக்கு வந்திருக்கா!" என்கிறான் இளைய கொழுந்தன் லெகிஷோன். பசுவின் கன்றை இழுத்துவந்து பள்ளத்துக்கு எதிரே கரையில் நிறுத்துகிறான். "கன்னுக்குட்டியக் கத்த விடு. ஓடி வந்துடுவா."

"சும்மா இருடா! இங்க கத்தினா நேரா வருவா. நேரா வந்தா பள்ளம்."

நசியேக்கு கன்றின் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு கரையோரமாக ஓடுகிறாள். பழைய சாம்பல் நிறப் பாளம் பள்ளமில்லாமல் பசு வரைக்கும் நீளும் இடத்தில் நின்று கையை எடுக்கிறாள். கன்று கத்தவில்லை, அவள் விரலைச் சப்புகிறது. அங்கே பசு தலையைத் தூக்குகிறது. கன்று முன்பு நின்ற இடத்தை நோக்கிப் பசு ஓர் அடி வைக்கிறது. பாளம் முனகுகிறது. நசியேக்கு கன்றின் காதைக் கடிக்கிறாள்.

"ம்ம்மா!"

பசுவின் காது திரும்புகிறது. பிறகு தலை. பிறகு, மெதுவாக, அந்தக் கனத்த உடம்பு முழுவதும்.